கோவாலு சட்டி

பிரிஞ்சாங் டவுனில், நூர்தீன் பாய் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஐந்து வருஷமாக ஒரு சட்டி இருந்தது. பழைய அலுமினியத்தை உருக்கி மண் அச்சில் வார்த்த கனத்த சட்டி. கரி பிடித்த வயிறு, ஒரு பக்கக் காது உடைந்து போயிருந்தது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் பிறந்து, இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி கேமரன் மலைக்கு வந்த சட்டி அது. அவ்வளவு தூரம் வந்த சட்டியால் கடைசி மூன்று மைலைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. பாஞ்சாலை விடவில்லை.

பாஞ்சாலையின் மகள் நீலாவதி அன்றைக்கு அதைத் தூக்கிப் போகத்தான் வந்திருந்தாள். தோட்டத்து கிளினிக்கில் நர்ஸ். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவள் என்பதால் லைனில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் மிஸ்ஸி.

"நெசமாத்தான் வீட்டுலயே சமைக்கப் போறியா, மிஸ்ஸி?" என்றார் நூர்தீன். "இங்கயே ஆக்கிட்டு டிபன் கேரியர்ல கொண்டு போயேன். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாமத்தான் எம் புருசன் நாலு வருசம் சாப்பிட்டாரு, பாய். இனிமே தெரியட்டும்."

நூர்தீன் தாடியைத் தடவினார். "உங்க லைன்லேருந்து எத்தனை பேரு இங்க வந்து ரெண்டாந்தரம் மாட்டுக்கறி கேட்டு வாங்கித் தின்னுட்டு, வாயக் கொப்பளிச்சிட்டுப் போறாங்க, தெரியுமா? பேரு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார். நீலாவதியும் கேட்கவில்லை. ஒளிந்து தின்றவன் பேரைச் சொல்லித் தன் புருஷனுக்கு நியாயம் தேடும் நிலைமை அவளுக்கு வரவில்லை.

அவர் உள்ளே போய், வாழையிலையில் பொதிந்த இறைச்சியையும் ஒரு போத்தல் சிவப்பு எண்ணெயையும் கொண்டுவந்தார். எண்ணெய் கீழே பீடோர் பக்கத்தில் பாமாயில் பிழியும் செம்பனை மில்லிலிருந்து, லாரிக்காரன் காளிமுத்துவிடம் சொல்லி வரவழைத்தது. சுத்தம் பண்ணாத எண்ணெய். குங்குமத்தைக் கரைத்த மாதிரி இருக்கும். அதை யாரும் சமையலுக்குத் தொடுவதில்லை. "இத வெச்சா சமைப்பாங்க, மெஷினுக்கு ஊத்தறதாச்சே" என்று காளிமுத்து சிரித்தானாம். நீலாவதியின் புருஷன் முதல் தடவை தாப்பாவுக்குக் கீழே செம்பனைக் காட்டைப் பார்த்தபோது பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறான். இது எங்கள் ஊர் மரம், இங்கே எப்படி வந்தது என்று கண்ணில் நீர் கோத்துக்கொண்டது அவனுக்கு. மரத்துக்கு இடம் கிடைத்தது, சட்டிக்குத்தான் கிடைக்கவில்லை.

அவன் பெயர் குவாக்கு. லைனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால், வந்த வாரமே கோவாலு ஆக்கிவிட்டார்கள். அவனும் கூப்பிட்ட பெயருக்குத் திரும்பிப் பார்த்தான். லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தவன். நீலாவதியைக் கட்டிக்கொண்டு, அவள் அம்மா தனியாக இருக்கிறாளே என்று எழுபத்து நாலாம் வருஷம் இந்த மலைக்கு வந்தான். தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷினுக்கு ஃபிட்டர் வேலை. அவன் கை பட்ட பிறகு அந்த மெஷின் ஒரு நாள் கூட மூச்சு வாங்கியதில்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காத ஒரே ஆளும் அவன்தான். மைலோ என்ற சாக்லேட் பானம் மட்டும் குடிப்பான், ஊரிலும் அதுதானாம்.

வந்த அன்றைக்கே பாஞ்சாலை சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டாள். "இது மாட்டெறச்சி ஆக்குற சட்டி. எங்க வீட்டு அடுப்புல இது ஏறாது" என்று மகளிடம் சொன்னாள். நீலாவதி அதை இங்கிலீஷில் மெத்தென்று மாற்றிச் சொன்னாள். அவன் தலையாட்டினான். மறுநாளே சட்டியை நூர்தீன் கடையில் கொண்டுபோய் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மைல் நடந்து போய், கடைப் பின்கட்டில் தானே ஆக்கி, தானே தின்று, பல் விளக்கிக் கொண்டு வருவான். வீட்டில் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ரசத்தைக் கூட இரண்டு தம்ளர் வாங்கிக் குடிப்பான்.

ஒரே ஒரு தடவை கேட்டான். சாவதற்கு ஒரு மாசம் முன்பு, காய்ச்சலில் படுத்திருந்தபோது. "இந்த வீட்டில், இந்த அடுப்பில், உன் கையால் ஒரு நாள்" என்றான். நீலாவதி போர்வையை இழுத்து மூடிவிட்டு, "அம்மா இருக்கிற வரைக்கும் அது நடக்காது" என்றாள். அவ்வளவுதான். அடுத்த மாசம் ஃபேக்டரியில் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்தான், இருதயம் நின்றுவிட்டது. அம்மா இருந்தாள். அவன் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்து நீலாவதி ஒரு வருஷம் தூங்கவில்லை.

நாளைக்கு அவனுக்கு வருஷத் திதி.

சட்டியோடு வந்து இறங்கிய மகளைப் பார்த்ததும் பாஞ்சாலை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னாடி இது?"

"அவரு சட்டி."

"அது தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்."

"படையலுக்கு. செத்தவங்களுக்குப் புடிச்சதத்தானே வெக்கணும்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. அப்பாவுக்கு நெத்திலிக் கருவாடும் சுருட்டும் வெக்கல?"

பதில் இல்லாதபோது பாஞ்சாலைக்குக் கோபம் அதிகமாக வரும். "ஆக்கிக்க. உன் சம்பாத்தியம், உன் புருசன். ஆனா நான் அடுப்படிக்குள்ள கால் வெக்க மாட்டேன். வாசனையும் புடிக்க மாட்டேன்" என்றாள்.

வாசனை பிடிக்க மாட்டேன் என்று பாஞ்சாலை சொன்னால் அது பெரிய விஷயம். லைனில் கல்யாணமோ காரியமோ, அண்டா பக்கத்தில் அவளைத்தான் கொண்டு வந்து நிறுத்துவார்கள். ருசி பார்க்க மாட்டாள். ஆவியை ஒரு இழுப்பு இழுத்து, "உப்பு இன்னும் ஒரு கை" என்பாள். கச்சிதமாக இருக்கும். படையல் சமையலில் அந்த மூக்குக்குத் தனி மதிப்பு. செத்தவருக்குப் படைக்கும் முன்னால் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாதே.

காலையில் பனி விலகுவதற்குள் நீலாவதி அடுப்பைப் பற்ற வைத்தாள். புகை போகும் ஜன்னலை மட்டுமல்ல, முன்கதவு, பின்கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்தாம் வீட்டில் பசிக்கும். ஒளிக்க முடியாது. ஒளிக்கவும் அவளுக்கு விருப்பமில்லை.

லீட்ஸில் அவன் சமைக்கும்போது ஜன்னலோரம் நின்று பார்த்ததுதான் அவளுடைய பாடம். அங்கேயும் அவள் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. பெரிய பெரிய துண்டாக இறைச்சியை வெட்டி, வெங்காயம், இஞ்சியுடன் வேக வைத்தாள். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த போத்தலின் அடியில் தைம் என்ற வாசனைத் தழை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிப் போட்டாள். வெந்த துண்டுகளை எடுத்துத் தண்ணீரைத் தனியாக வைத்தாள். சட்டியில் சிவப்பு எண்ணெய் காய்ந்ததும் எழுந்த புகையில் கண் எரிந்தது. துண்டுகள் எண்ணெயில் பொரிந்து ஓரம் கருகத் தொடங்கின.

அடுத்தது வெங்காயம். அப்போது கை தானாகக் கடுகு டப்பாவுக்கும் கறிவேப்பிலைக்கும் போனது. முப்பது வருஷப் பழக்கம், என்ன செய்வது! அவன் இருந்தால் மணிக்கட்டைப் பிடித்திருப்பான். "தாளிக்காதே, நீலா. இது சாம்பார் இல்லை" என்று சிரித்திருப்பான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். திரிங்காப் தோட்டத்துத் தக்காளியையும் ஊசி மிளகாயையும் அம்மியில் அரைத்து வைத்திருந்ததைக் கொட்டினாள். அது தண்ணீர் சுண்டி, எண்ணெய் மேலே வந்து நிற்கும் வரை கிண்ட வேண்டும். பிறகு இறைச்சி வெந்த தண்ணீர், பிறகு துண்டுகள், பிறகு உப்பு.

எல்லாம் போட்டாயிற்று. உப்பு டின்னை எடுக்கக் கை நீட்டியபோதுதான் வாசலில் குரல் கேட்டது.

"மிஸ்ஸி! கொஞ்சம் வெளிய வா!"

சாம்பசிவம். வெளிக்காட்டு வேலையாட்களை மேய்க்கும் மண்டோர், கோயில் கமிட்டித் தலைவர். நீலாவதிக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர். கோவாலுவின் சவப்பெட்டியை முன்பக்கம் தோள் கொடுத்துத் தூக்கியவரும் அவர்தான். அவருக்குப் பின்னால் லைன் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாஞ்சாலை வாசல்படியில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா மாமா, இத்தனை பேரு? யாருக்காச்சும் ஒடம்பு முடியலயா?"

"கேலி வேணாம்மா. அடுப்ப அணைச்சிடு. அம்பது வருசத்து லைன்ல இந்த வாடை வந்ததில்ல."

"போன வருசம் உங்கப்பாவுக்குப் படையல் போட்டீங்களே, நானும்தான் வந்திருந்தேன். எலையில என்னா வெச்சீங்க?"

சாம்பசிவம் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "அது வேற" என்றார்.

"காட்டுப்பன்னி வறுவல். பக்கத்துல ஒரு போத்தல் சம்சு சாராயம். மாரியாத்தா கோயில் தலைவர் வீட்டுல."

"அவருக்குப் புடிச்சது அது. வெக்காம இருக்க முடியுமா?"

"அதேதான் மாமா நானும் சொல்றேன். என்னால வெக்காம இருக்க முடியல."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமலாக்கினார்கள். சாம்பசிவத்துக்கு முகம் சிவந்தது. "மாடும் பன்னியும் ஒண்ணா? நம்ம பொங்கலுக்குக் கும்புடற உசுரும்மா அது!"

"நானும்தான் கும்புடறேன். இந்த நிமிசம் வரைக்கும் நான் ஒரு துண்டு தின்னதில்ல. மாட்டு மேல கோவத்துலயா சமைக்கறேன்? என் புருசனுக்குச் சமைக்கறேன். நம்ம மனசு நோவக் கூடாதுன்னு அந்த மனுசன் நாலு வருசம் மழையில நடந்து போய்த் தின்னுட்டு வந்தாரு. செத்ததுக்கு அப்புறமும் பிரிஞ்சாங்குக்கு நடக்கச் சொல்றீங்களா?"

சாம்பசிவம் தொண்டையைச் செருமினார். இதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது என்பது தெரிந்தது.

"அப்ப கமிட்டி முடிவச் சொல்லிடறேன். இன்னைக்கு இந்த வீட்டுல மாட்டெறச்சி படைச்சா, அடுத்த மாசம் ஆத்தா தேர் இந்த வாசல்ல நிக்காது."

நீலாவதி அம்மாவைப் பார்த்தாள். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காக உயிர் வாழ்பவள் பாஞ்சாலை. தேங்காயைப் பத்து நாளுக்கு முன்பே தட்டிப் பார்த்து வாங்கி மஞ்சள் பூசி வைப்பாள். முப்பத்தைந்து வருஷம் கூடை சுமந்து வளைந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு, தட்டோடு வாசலில் நிற்பாள். தேர் நிற்கும் அந்த இரண்டு நிமிஷம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது அவள் மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடமிருந்து இதைப் பிடுங்க தனக்கு என்ன உரிமை என்று நீலாவதிக்குத் தோன்றியது. ஆனால் அம்மாவுக்காகத்தான் அன்றைக்கும் போர்வையை இழுத்து மூடினாள். இன்னொரு தடவை மூட முடியாது.

"தேர் நிக்க வேணாம் மாமா" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. "படையல் முடியற வரைக்கும் நீங்க நிக்கறதுன்னா நில்லுங்க. பெட்டி தூக்குனவரு நீங்க. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

உள்ளே சட்டி அடிபிடிக்கும் வாடை வந்தது. ஓடிப்போய் இறக்கினாள்.

கோவாலுவின் போட்டோ முன்னால் தலைவாழை இலை போட்டாள். வெள்ளைச் சோறு, அதன் மேல் சிவப்புக் குழம்பு, பெரிய பெரிய துண்டுகள், பக்கத்தில் ஒரு குவளை மைலோ. புதுச் சட்டையை மடித்து வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு விழுந்து கும்பிட்டாள். எழுந்து, குழம்புச் சோற்றில் ஓர் உருண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் கலையாமல் நின்றது. போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டார்கள். காக்கா எடுக்குமா எடுக்காதா என்று பார்க்க வேண்டாமா?

முற்றத்தில் வெட்டிப் போட்ட மரக்கட்டை மேல் உருண்டையை வைத்தாள். "கா, கா" என்று கூப்பிட்டாள்.

மலையில் காக்கா குறைவு. லைன் குப்பை மேட்டில் மட்டும் கொஞ்சம் உண்டு. கால் மணி நேரம் கழித்து ஒன்று வந்தது. கரண்டு கம்பத்தில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. கட்டைக்கு இறங்கி, உருண்டையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு என்ன நினைத்ததோ, முட்டைக்கோஸ் கொல்லைப் பக்கம் பறந்து போய்விட்டது. மறுபடி வரவில்லை. நீலாவதி தொண்டை வற்றும் வரை கூப்பிட்டாள்.

சாம்பசிவம் பக்கத்தில் வந்தார். இந்தத் தடவை அதட்டவில்லை. "பாத்தியாம்மா. கோவாலே ஏத்துக்கல. அது நல்ல ஆத்மா, நம்ம ஊர் மொறையோட வாழ்ந்துட்டுப் போயிட்டது. கொட்டிட்டுத் தல முழுவிட்டு வா. கமிட்டிக்கிட்ட நான் பேசிக்கறேன். தேர் நிக்கும்."

அந்தக் கனிவுதான் நீலாவதியைக் கொளுத்திவிட்டது. அதட்டியிருந்தால் கூடப் பொறுத்திருப்பாள். அவன் எதை ஏற்றுக்கொண்டான், எதை விழுங்கினான் என்று இவருக்கு என்ன தெரியும்?

"காக்காவுக்கு மனசு இல்ல, அவ்வளவுதான்" என்றாள். "அது எல்லார் பேச்சையும் கேட்டுக்கிட்டு மூணு மைலு நடந்துச்சா? அவருக்குப் பசின்னு எனக்குத் தெரியும். காக்கா வந்து சொல்ல வேணாம்."

காக்கா எடுக்காமல் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. நீலாவதி திறந்த கதவு வழியே எல்லாரும் பார்க்க உள்ளே போனாள். போட்டோவுக்கு எதிரில் இன்னொரு இலை போட்டு உட்கார்ந்தாள். சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள்.

வெளியே, "ஐயோ, மிஸ்ஸி!" என்று ஒரு பெண் கத்தினாள்.

முதல் துண்டு. பல்லைக் கடித்து விழுங்கினாள். இரண்டாவதை விழுங்கும்போது மிளகாய்க் காரம் தலைக்கு ஏறி, கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. மூன்றாவதில்தான் நாக்குக்கு விஷயம் எட்டியது. கையை இலையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாலு வருஷம் காத்திருந்தவனுக்கு, ஊரையே எதிர்த்துக்கொண்டு, இதையா ஆக்கி வைத்தாள்?

"உப்பே போடலங்க" என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். "மன்னிச்சிருங்க. உப்புப் போட மறந்துட்டேன்."

பின்னால் டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

பாஞ்சாலை அடுப்படியிலிருந்து உப்பு டின்னோடு வந்துகொண்டிருந்தாள். முந்தானை மூக்கில் இல்லை, இடுப்பில் செருகியிருந்தது. மகளைத் தாண்டிப் போய், முதலில் மருமகனின் இலைக்கு முன்னால் குனிந்தாள். விரல் நுனியால் உப்பை எடுத்து, குழம்பின் மேல் சுற்றித் தூவினாள். ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"கொதிக்கறப்பவே தெரிஞ்சிச்சு" என்றாள். "உப்பு இல்லன்னு அப்பவே மூக்குக்குத் தெரிஞ்சிச்சுடி. வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நாலு வருசமா இந்தப் புள்ள ஞாயித்துக்கெழமை கெளம்பிப் போறப்பல்லாம் வாசப்படியில வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்த மாதிரியே." அவள் முகவாய் ஆடியது. "என்னை 'அம்மா'ன்னு கூப்புட்டுச்சு. ஒரு நாளு நான், 'இங்கயே ஆக்கிக்கப்பா'ன்னு சொல்லல."

சாம்பசிவம் நிலைப்படியில் வந்து நின்றார். "அக்கா, தேரு..." என்று இழுத்தார்.

"போவட்டும் தம்பி. நிக்காமப் போனா, நான் தட்டத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடி வர்றேன். எனக்கென்ன கால் இல்லியா? ஆத்தாவுக்கு என்னைத் தெரியும். எந்த வீட்டுல யாரு பசியோட நடந்து போனாங்கன்னும் அவளுக்குத் தெரியும். அதுக்கு அவ என்னைக் கேக்காம இருந்தாச் சரி."

சாம்பசிவம் கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, படியிறங்கினார்.

பாஞ்சாலை முட்டியைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் இலையிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டாள்.

"எனக்கு அது வேணாம். வெறும் சோறு போடு, தயிரு இருந்தா ஊத்து" என்றாள். "தின்னு முடிச்சிட்டு அந்தச் சட்டிய நல்லா தேச்சுக் கழுவு. மேல பலகையில நம்ம சட்டிங்களோட வெச்சிரு."

"பாய் கடையில குடுத்துடலாம்னு இருந்தேம்மா."

"எதுக்கு? வீட்டுச் சட்டி வீட்டுல இருக்கட்டும்."